முப்பத்தொன்றாம் பக்கத்து மீன்

1

ஒன்றரை மாதத்துக்கு முன் எடுத்த புத்தகத்திலும் முப்பத்தொன்றாம் பக்கத்தில் மீன் இல்லை. வீட்டுக்குப் போகும்வரை பொறுமையில்லாமல் நூலகத்தின் கார் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். முப்பதையும் முப்பத்திரண்டையும்கூட விடவில்லை. சுத்தமான பக்கங்கள். தொடர்ந்து அது நான்காவது புத்தகம்.

மலேசியாவில், கிள்ளானில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற என் பழைய நண்பர்கள் உங்களுக்கு, இந்தச் சாமுவேலுக்கு என்ன கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று தோன்றும். பொறுங்கள், சொல்கிறேன். நியூசிலாந்தில் இந்த ஆக்லாந்துக்கு வந்த பதினோரு வருடத்தில் இங்கத்து மழை, வீட்டு வாடகை, விசாவுக்கு அலைந்த அலைச்சல் என்று எல்லாவற்றையும் உங்களுக்கு எழுதித் தள்ளியாயிற்று. எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று. இதே ஊரில் எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். பெயர் எஸ்தர், உங்களில் பழைய ஆட்களுக்கு அவளைத் தெரியும். அவளோடு நான் பேசி எட்டு வருடம் ஆகிறது.

2

முதலில் புத்தகங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சரக்குக் கொட்டகையில் எனக்கு வேலை. வந்திறங்கும் பெட்டிகளுக்குக் காகிதம் சரிபார்ப்பது. கிள்ளானில் கிளார்க்காக இருந்தபோது என் ஆங்கிலத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. இங்கே வந்த புதிதில் நான் தொலைபேசியை எடுத்தால், எதிர்முனையில் இருப்பவர் மூன்று தடவை "சாரி?" என்பார். நான்காவது தடவை வேறு யாரையாவது கூப்பிடச் சொல்வார். சரி, கதைப் புத்தகம் படித்தாவது இவர்கள் பேசுகிற மாதிரி பழகலாம் என்று, சாப்பாட்டு அறை அலமாரியில் யாரோ போட்டுவிட்டுப் போன ஒன்றை எடுத்தேன். அட்டையில் வெள்ளைக் குல்லாய் அணிந்த பெண். பின்னால் கோதுமை வயலும் ஒரு குதிரை வண்டியும்.

அமெரிக்காவில் அமிஷ் என்று ஒரு கிறிஸ்தவக் கூட்டம் இருக்கிறது. கார் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டுக்கு மின்சாரம் இழுக்க மாட்டார்கள். அவர்களைப் பற்றிய காதல் கதைகள் அங்கே குவியல் குவியலாக வருகின்றன. எழுதுவது பெரும்பாலும் வெளியாட்கள், வாசிப்பதும் வெளியாட்கள். அப்படி ஒரு வெளியாளாக நானும் போய் விழுந்தேன். கூட வேலை செய்யும் சமோவாக்காரன் என்னைக் குல்லாய்க்காரர் என்று கூப்பிட ஆரம்பித்ததும், அட்டைக்குச் செய்தித்தாள் சுற்றிக்கொண்டேன். படிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

ஏன் பிடித்தது? அசிங்கம் கிடையாது. முத்தம் என்று ஒன்று வந்தால் அது கடைசி அத்தியாயத்தில் வரும், அதுவும் எண்ணிவிடலாம். பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் மேசைமேல் தைரியமாகப் போட்டுவிட்டுப் போகலாம். பெரியவர்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். சாப்பிடும்முன் ஜெபம் இருக்கும். இன்னொன்று, அது என் நெஞ்சைக் குடைந்த விஷயம். அந்த மக்கள் கப்பலேறி வந்து முந்நூறு வருடத்துக்குக் கிட்ட ஆகிறதாம், இன்னும் வீட்டுக்குள் தங்கள் பழைய ஜெர்மன் பேச்சைத்தான் பேசுகிறார்கள். என் மகள் ஜெனி இங்கே வந்தபோது அவளுக்கு ஆறு வயது, தமிழில் சண்டை போடுவாள். இப்போது பதினேழு. நான் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டுக் காதில் எதையோ மாட்டிக்கொள்கிறாள்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஒதுக்கி வைத்தல். ஞானஸ்நானம் எடுத்தபின் சபையை விட்டுப் போனவர்களை அவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். அடிதடி கிடையாது. வீட்டுக்கு வந்தால் சோறுகூடப் போடுவார்கள். ஆனால் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள், சுவரோரம் தனியாக ஒரு சின்ன மேசைதான். மனம் வருந்தித் திரும்பினால் ஆறு வாரம் தள்ளி உட்கார்ந்து, பிறகு எல்லார் முன்னாலும் மண்டியிட வேண்டும். ஆயர் கைகொடுத்துத் தூக்கிவிடுவார். அந்த இடத்தில் நான் அழாத புத்தகம் இல்லை.

யாருக்காக அழுதேன் என்று கேளுங்கள். வாசலில் காத்திருந்த குடும்பத்துக்காக. விட்டுப் போனவள் வருகிறாள், தப்பு என்மேல்தான் என்கிறாள், இவர்கள் பெரிய மனசு பண்ணிச் சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்கு இதைவிட இனிப்பான கதை வேறு எது?

3

எஸ்தர் எனக்குப் பதிமூன்று வயது இளையவள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் பாதிக்கு நான் வளர்த்தவள். இங்கே படிக்க வந்து ஹில்ஸ்பரோவில் என் வீட்டில்தான் தங்கினாள். ஒரு வருடத்தில் ராஜ் சாமி என்பவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். ஃபிஜி இந்தியர், கார் மெக்கானிக், இந்து. அவருடைய முன்னோர்கள் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். அவருக்குத் தமிழில் தெரிந்தது வணக்கமும் ரசமும்தான்.

அப்பா கிள்ளானில் சபை மூப்பர். தொலைபேசியில் ஒரே வார்த்தைதான் சொன்னார். "அவ செத்துட்டான்னு நெனச்சுக்கறேன். நீயும் அப்படியே நெனச்சுக்கோ."

அவர் தூரத்தில் இருந்து சொன்னார். செய்தது நான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் போய், "நீ அவனோட போனா இந்த வீட்டுல உனக்குத் தட்டு கிடையாது" என்றேன். எஸ்தர் எழுந்து போய்த் தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதன்பின் அவள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். ஜெனியின் பள்ளிக்கூடப் படிவத்தில், அவசரத்துக்குக் கூப்பிட ஆக்லாந்தில் உறவினர் உண்டா என்று ஒரு கேள்வி. "இல்லை" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். ஜெனி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்குமேல் ஒன்று இருக்கிறது. சொல்ல வாய் கூசுகிறது. ஐந்து வருடத்துக்கு முன் அப்பா இறந்தபோது எஸ்தருக்கு நான் தகவல் சொல்லவில்லை. நல்லடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து, யாரோ முகநூலில் போட்ட படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாளாம். அப்பாதான் சொல்ல வேண்டாம் என்றார் என்று உங்கள் எல்லாரிடமும் நான் சொன்னேன் அல்லவா? பொய். அப்பா கடைசி இரண்டு நாளும் பேச்சில்லாமல் கிடந்தார். அது என் வீம்பு. தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள். என் தசை அன்றைக்கு அசையவே இல்லை.

4

இனி மீன்.

கிள்ளானில் எங்கள் சபைக்கு ஒரே ஒரு புத்தக அலமாரி. நானும் எஸ்தரும் படித்ததையே திரும்ப எடுத்து வந்து ஏமாந்துபோவோம். அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். எங்கள் வீட்டு எண் முப்பத்தொன்று. படித்து முடித்த புத்தகத்தில் முப்பத்தொன்றாம் பக்கத்து எண்ணுக்குக் கீழே, பென்சிலால் நான் ஒரு புள்ளி வைப்பேன். அவள் ஒரு மீன் போடுவாள், கடுகத்தனை. வாலில் ஒரு சுழி இருக்கும். மீன் வாலுக்கு எதற்குடி சுழி என்றால், "என் மீனு, நான் போடுவேன்" என்பாள்.

இங்கே வந்து பார்த்தால் வயதான வெள்ளைக்காரப் பெண்மணிகளும் இதே திருட்டு வேலையைச் செய்கிறார்கள். அமிஷ் கதைகளின் அட்டைகள் எல்லாம் அக்கா தங்கை மாதிரி இருக்கும். அடையாளம் இல்லாவிட்டால் எதைப் படித்தோம் என்றே தெரியாது. ஒருவர் பக்க எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார், ஒருவர் தன் பெயரின் முதலெழுத்தைப் போடுவார். பழைய பழக்கத்தில் நானும் என் புள்ளியை வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், புள்ளி வைக்கப்போன இடத்தில் வாலில் சுழியோடு ஒரு மீன் இருந்தது.

ஊர் நூலகங்கள் எல்லாம் ஒன்றாகிவிட்டதால் புத்தகங்கள் ஆக்லாந்து முழுக்கச் சுற்றுகின்றன. அவள் எடுத்தது என் கைக்கு வந்திருக்கிறது. முதலில் கோபம்தான் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும். பிறகு, இவளும் இதைத்தானே படிக்கிறாள், அப்படியானால் மனசு இளகியிருக்கிறாள், ஒரு நாள் வருவாள் என்று குளிர்ந்துபோனேன். மீனுக்குப் பக்கத்தில் என் புள்ளியை வைத்தேன். அன்றிலிருந்து புதிதாக வருகிற எல்லாவற்றிலும் அவள் மீன் முந்திக்கொண்டு இருக்கும். நான் புள்ளி வைப்பேன். ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் அவள் உயிரோடு இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அது போதும் என்று இருந்தேன்.

சென்ற மார்கழியில் ஒரு புத்தகம். முப்பத்தொன்றில் மீன் இருந்தது, நானும் புள்ளி வைத்தேன். கதையில், ஒதுக்கி வைக்கப்பட்ட பெண்ணின் தகப்பன் இறந்துபோகிறார். வீட்டார் அவளுக்குச் சொல்வதில்லை. நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் அடக்கம் முடிகிறது. அந்தப் பக்கத்தின் அடியில் இன்னொரு மீன் இருந்தது. வயிறு மேலே இருக்க, மல்லாந்து கிடந்தது.

என்னைக் கேட்கிறாள் என்று புரிந்தது. பென்சில் கையில்தான் இருந்தது. நான் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதன்பின் வந்த நான்கு புத்தகங்களில் மீன் இல்லை.

5

மனசு என்னவெல்லாமோ நினைத்தது. எங்கள் குடும்பத்தில் சர்க்கரை நோய் தவறாமல் வரும். கண் போய்விட்டதோ? அம்மா போன வயதை எஸ்தர் நெருங்கிக்கொண்டிருக்கிறாள். யாரிடம் கேட்பது? அவள் பெயரை எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டவனே நான்தானே. ஒரு வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. வேலையில் ஒரு பெட்டிக்கு வேறு பெட்டியின் காகிதத்தை ஒட்டி அனுப்பி, மேலாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பசியாறும்போது ஜெனியிடம் மெல்லக் கேட்டேன். "அத்தைய பத்தி ஏதாச்சும் தெரியுமா?"

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். "எந்த அத்தை?" என்று தமிழிலேயே கேட்டாள். வேண்டுமென்றே கேட்கிறாள்.

"எஸ்தர் அத்தை. உடம்புக்கு ஒண்ணுமில்லயே?"

ஜெனி என் மனைவி கிரேஸைப் பார்த்தாள். கிரேஸ் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "எட்டு வருஷமா கிறிஸ்மஸுக்குக் கேக்கு செஞ்சு அனுப்புறேன். இவருக்கு இன்னிக்குத்தான் ஞாபகம் வருது" என்றாள். என்னிடம் இல்லை, தோசைக்கல்லிடம்.

தோண்டிக் கேட்டதில் இன்னொன்றும் வெளியே வந்தது. ஜெனி பஸ் பிடித்து அவள் வீட்டுக்கே போய் வந்துகொண்டிருந்திருக்கிறாள். இந்த வீட்டில் ஒதுக்கி வைத்ததை ஒழுங்காகக் கடைப்பிடித்த முட்டாள் நான் ஒருவன்தான்.

"சொல்லித் தொலைங்களேன். அவ நல்லாருக்காளா இல்லையா?" என்று கத்தினேன்.

ஜெனி ஆங்கிலத்தில் சொன்னாள், நான் சொல்லமாட்டேன் அப்பா, நீங்களே போய்ப் பாருங்கள் என்று. முகவரியை என் தொலைபேசிக்கு அனுப்பிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

6

அவள் வீடு நகரத்தின் மேற்கே, வெஸ்ட்கேட்டில். முன்பெல்லாம் தூரம் என்று ஒரு சாக்காவது இருந்தது. புதுச் சுரங்கப்பாதை திறந்தபிறகு ஹில்ஸ்பரோவிலிருந்து இருபத்தைந்து நிமிடம். மறுநாள் ஆராதனை முடிந்து நேராகப் போனேன். மடியில் அந்தப் பழைய புத்தகம். மறுபடி எடுத்து வைத்திருந்தேன், சட்டைப்பையில் பென்சிலும் இருந்தது. எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்த புது வீடுகள். அவள் வீட்டைத் தாண்டி இரண்டு தடவை போய்விட்டேன். உண்மையைச் சொன்னால் முதல் தடவை வேண்டுமென்றேதான் தாண்டினேன்.

கதவைத் திறந்தது எஸ்தர். கண் தெரிகிறது, கை கால் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் பருத்திருக்கிறாள். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் சின்ன வயதிலிருந்து என்னை நீ, வா, போ என்றே கூப்பிட்டவள், "வாங்க" என்றாள்.

"உடம்பு கிடம்பு சரியில்லயா?"

"எனக்கென்னா? நல்லாத்தான் இருக்கேன்."

"புத்தகத்துல மீனக் காணோம்."

"மூணு தடவ, அண்ணே." அவள் குரல் உயரவில்லை. "அதே புத்தகத்த மூணு தடவ எடுத்துப் பாத்தேன். முப்பத்தொண்ணுல உங்க புள்ளி இருக்கு. படிச்சிருக்கீங்க. அப்பா சாகுற பக்கத்துல ஒண்ணுமில்ல."

"அப்பா சொல்ல வேணாம்னு சொல்லல, எஸ்தர். நான்தான்..."

"தெரியும். அண்ணி எப்பவோ சொல்லிட்டாங்க."

எதையாவது கேட்க வேண்டுமே என்று, "அப்ப நீ எதுக்கு இந்தக் கதையெல்லாம் படிச்ச?" என்றேன்.

"ஒரு புத்தகத்துலயாச்சும் அண்ணன்காரன் ஒருத்தன் கெளம்பி வந்து கதவத் தட்டுறானான்னு பாத்தேன். நூறுக்கு மேல படிச்சாச்சு. எல்லாத்துலயும் போனவதான் திரும்பி வர்றா. அலுத்துப்போச்சு. விட்டுட்டேன்."

"நான் இப்ப தட்டிட்டேன்ல?"

"பெல்லு அடிச்சீங்க" என்றாள். சிரிக்கவில்லை.

புத்தகத்தைத் திறந்து நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் பென்சிலை வைக்கப்போனேன். என் கையிலிருந்து அதை வாங்கி மூடினாள். "லைப்ரரி புத்தகத்துல கிறுக்காதீங்க. உள்ள வாங்க, சாப்பாட்டு நேரம்."

ராஜ் சாமி எழுந்து நின்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பேசாமலே வெறுத்த மனிதர். "ஆவோ பையா, பைட்டோ" என்று, வாங்க அண்ணா உட்காருங்க எனத் தன் ஃபிஜி இந்தியில் சொல்லி, தன் பக்கத்து நாற்காலியை எனக்காக இழுத்தார். உட்காரப் போனேன்.

"அங்க இல்ல" என்றாள் எஸ்தர்.

கண்ணாடிக் கதவோரம் ஒரு குட்டி மேசை. அவர்களுடைய ஐந்து வயது மகள் பிரியா படம் வரைகிற மேசை. எஸ்தர் வண்ணப் பென்சில்களை ஒதுக்கி, துணியால் துடைத்து, ஒரு தட்டை வைத்தாள். பக்கத்தில் முழங்கால் உயர நாற்காலி. சோறு, கோழிக் குழம்பு, தேங்காய்ப்பாலில் வேகவைத்த கீரை, எங்கள் வீட்டு நெத்திலிச் சம்பல் எல்லாம் பரிமாறினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆறு வாரம்."

ராஜ் சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. தவித்துப்போய் மேசையை இழுத்துச் சேர்க்கப் பார்த்தார். எஸ்தர் கையைக் காட்டி நிறுத்தினாள். புரிந்தது அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான். நூறு புத்தகம் படித்த இரண்டு பேருக்கு.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஐம்பது தாண்டிய மனிதன், சபையில் நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவன், பச்சைப்பிள்ளை நாற்காலியிலா? கார் சாவி கைக்கு வந்துவிட்டது. இப்போது திரும்பிப் போனால் இந்த ஜென்மத்தில் இந்தக் கதவு திறக்காது என்றும் தெரிந்தது. அவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிலிருந்து குழம்பு தரையில் சொட்டியதை அவள் கவனிக்கவில்லை. அதைப் பார்த்தேன். பிறகு சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். முழங்கால் முகவாய்க்கு வந்தது.

பிரியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அங்கிள் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மாமா இன்னும் வந்துகிட்டு இருக்காரு" என்றாள் எஸ்தர், தமிழில். அந்தப் பிள்ளை "ஓ, சரிம்மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தது. காவல் காத்த என் வீட்டில் நிற்காத தமிழ் இங்கே சோற்றுத் தட்டுக்கு முன் உட்கார்ந்திருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். சம்பல் காரம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

7

ஐந்து ஞாயிறு முடிந்துவிட்டது. இரண்டாம் வாரம் ஒரு வார்த்தை பேச்சில்லை. மூன்றாம் வாரம் ஜெனி கூட வந்து, பெரிய மேசையில் ஜம்மென்று உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கோழிக்காலைக் கடித்தாள். நான்காம் வாரம் பிரியா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்துவிட்டாள். அவளுடைய மேசைதானே. எஸ்தர் தடுக்கவில்லை. அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி அன்றைக்குக் கேட்டாள். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினாள், ஏற்கெனவே கழுவின பாத்திரத்தை. போன வாரம் வாசல்வரை வந்து, "அடுத்த வாரம் அப்பா போட்டோ இருந்தா எடுத்துட்டு வா" என்றாள்.

வருகிற ஞாயிறு ஆறாவது. அதன் பொருள் எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இதை எழுதும்போது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். வீடே நாறுகிறது. கிரேஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"மண்டி போட்டா உங்களால எந்திரிக்க முடியாதே."

"கைகொடுத்துத் தூக்குவாங்க."

"யாரு?"

அதுதான் தெரியவில்லை. அண்ணன் மண்டியிட்டுத் தங்கை தூக்கிவிடுகிற கதை ஒன்றையும் நான் இதுவரை படித்ததில்லை.